கோழியும் இரையும்

மனிதனோடு ஒட்டி வாழும் உயிர்கள் பல. ஆவும் எருமையும் தொழுவத்தில் நிற்கின்றன. நாய் வாயிலில் கிடக்கின்றது. பூனை அடுக்களையைச் சுற்றி வருகின்றது. கோழியோ முற்றம், புறக்கடை, களம், குப்பைமேடு ஆகிய யாவற்றையும் தன் ஆட்சிக்கு உட்பட்ட இடமாகக் கொண்டு உலவுகின்றது. தமிழர் வாழ்வில் அதற்குரிய இடம் மிகப் பழையது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பதும் ஒரு பெயர். யானையோடு பொருது வென்ற கோழி ஒன்றின் கதை அப்பெயருக்குக் காரணமாக வழங்கி வருகின்றது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை விரித்துரைப்பது. அதில் ஓர் இனிய காட்சி உண்டு. வீட்டு முற்றத்தில் உணவுப்பொருள் உலர்கின்றது. அதனைக் கவரக் கோழி வருகின்றது. காவலிருந்த பெண் கல்லைத் தேடவில்லை. தன் காதில் அணிந்திருந்த குழையைக் கழற்றி எறிகின்றாள். அக்குழை நிலத்திலே கிடந்து, சிறுவர் உருட்டி வரும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. பொன்னையும் பொருட்படுத்தாத பெருஞ்செல்வத்தைக் காட்டவே புலவர் இக்காட்சியை அமைத்தார். பல்லாண்டுகள் யான் இப்பகுதியைப் பாடம் சொன்னதுண்டு. அப்போதெல்லாம் குழையின் சிறப்பையே விரித்துக் கூறுவது வழக்கம். இப்போதோ அக்காட்சியில் கோழியே என் கண்முன் நிற்கின்றது. மனிதன் உலர்த்துவதில் சிறிதும், சிந்துவதில் சிறிதும், மண்ணைக் கிளறிப் பெறுவதில் சிறிதுமாக அது தன் வயிற்றை நிரப்பிக்கொண்டது.

வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது அறிஞர் துணிபு. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் அஃது இன்றும் வாழ்கின்றது. தாய்லாந்து நாட்டின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழியின் எலும்புகளுள் மிகப் பழையவை என்றும், அவை கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என்றும் 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. நெல்லும் சிறுதானியமும் விளைந்த நிலங்களே காட்டுக்கோழியை மனிதர் பக்கம் ஈர்த்திருக்க வேண்டும் என்பது அவ்வாய்வாளர் கருத்து. எனவே மனிதனும் கோழியும் நண்பரானதற்குத் தானியமே காரணமாயிற்று எனலாம்.

அத்தானியம் மக்காச்சோளம் அன்று. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-ஆம் ஆண்டில் கொலம்பசு அக்கண்டத்தை அடைந்த பின்னரே பிற நாடுகளுக்குப் பரவியது. சோயா மொச்சையும் நம் நிலத்துப் பழம்பயிர் அன்று. அது சீன நாட்டிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் கண்ணாலும் காணாமல் நம் முன்னோரின் கோழிகள் நூற்றாண்டுக் கணக்கில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. இன்று கடையில் விற்கும் மூட்டைத் தீவனத்திலோ பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்குமே ஆகும். முன்னது உடலுக்கு ஆற்றல் தருகின்றது. பின்னது புரதம் தருகின்றது. நாமக்கல் வட்டாரத்துப் பெரும்பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டை இடும் கலப்பினக் கோழிகளுக்கு இத்தகைய தீவனம் பொருத்தமானதே. அதனைக் குறை கூறுதல் என் கருத்தன்று. புறக்கடையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் எளியவர்க்கு அஃது எத்துணைப் பொருந்தும் என்பதே கேள்வி.

இக்கேள்வி எனக்கு நூலிலிருந்து எழவில்லை. என் தமக்கையாரின் வீட்டிலிருந்து எழுந்தது. அவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர், கணவரை இழந்தவர். 13 பெட்டையும் 2 சேவலும் அவருடைய செல்வம். முட்டை விற்ற காசில்தான் தம் மருந்துச் செலவையும், பேத்தி பயின்றுவந்த தட்டச்சு வகுப்பின் மாதக் கட்டணத்தையும் அவர் நடத்தி வந்தார்.

2021-ஆம் ஆண்டில் சோயாப் பிண்ணாக்கின் விலை நாடெங்கும் மிக ஏறியது. கோழி வளர்ப்போரின் முறையீட்டைக் கேட்ட இந்திய அரசு, 12 இலட்சம் டன் சோயாப் பிண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இசைவளித்தது. உலகச் சந்தையின் அலை ஒரு சிற்றூர்ப் புறக்கடையையும் வந்து மோதியது. மறு ஆண்டில் ஒரு நாள் தமக்கையார் என்னிடம், “தம்பி, முட்டை விற்று வருகிற காசு மூட்டைத் தீவனத்திற்கே சரியாகப் போகிறது. வருகிற சந்தையில் கோழிகளை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார்.

“பேத்தியின் தட்டச்சு வகுப்பு என்ன ஆவது?” என்று கேட்டேன்.

“நிறுத்த வேண்டியதுதான். மகன் தரமாட்டான் என்று சொல்லவில்லை. கேட்டுப் பழகாத வாய் இது” என்று கூறி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோழியைப் பற்றிய பேச்சு அன்று அது என்பது எனக்கு அப்போதே விளங்கியது. பிறர் கையை எதிர்பாராமல் வாழும் ஒரு முதியவரின் மானமும், ஒரு பெண்ணின் படிப்பும் அப்பதினைந்து கோழிகளின் காலடியில் நின்றன.

சந்தை கூடுதற்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் கணக்குப் பார்ப்போம் என்று அவரை இசைவித்தேன். “ஒரு நாளைக்கு எவ்வளவு இரை போடுகிறாய், அக்கா?” என்றேன். “அளந்தா போடுகிறேன்? தட்டு வெறுமையானால் போடுவேன்” என்றார். பேத்தி தராசு கொணர்ந்து ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தாள். நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் செலவாயிற்று. அஃதாவது கோழி ஒன்றுக்கு 100 கிராம். அடைத்து வளர்க்கும் கோழிக்கு வேண்டிய அளவு இதுவே. தட்டு எப்பொழுதும் நிறைந்திருந்தமையால், அவிழ்த்துவிட்ட கோழிகளும் தட்டைச் சுற்றியே நின்றன. மண்ணைக் கிளறுவதையே மறந்துவிட்டன.

எங்கள் அன்னையார் வாழ்ந்த நாளில் நடந்தது வேறு. வைகறையில் பஞ்சாரத்தைத் தூக்குவார். கோழிகள் வெறும் வயிற்றோடு புறப்படும். களத்திலும் வேலியோரத்திலும் புல்லின் விதை, புழு, பூச்சி, தளிர் ஆகியவற்றைத் தேடித் தின்னும். மாலையில் “பா, பா” என்று அழைத்து ஒரு பிடி கம்பு இறைப்பார். அந்த ஒரு பிடி இரண்டு வேலைகளைச் செய்தது. பகலில் நிரம்பாத வயிற்றை நிரப்பியது ஒன்று. கோழிகளைத் தவறாமல் வீட்டிற்குத் திரும்பச் செய்தது மற்றொன்று. தமக்கையாருக்கு இதனை நினைவூட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. “கறையான் சட்டியும் வைப்பாளே அம்மா!” என்றார்.

கால்நடை மருத்துவர் ஒருவரையும் கலந்துகொண்டோம். அவர் கூறியதன் சுருக்கம் இது: கோழிக்கு ஆற்றல் தரும் உணவு வேண்டும்; உடலையும் முட்டையையும் ஆக்கும் புரதம் வேண்டும்; ஓட்டிற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்; இவற்றோடு பசுமையும் தூய நீரும் வேண்டும். தீவனத்தின் 100 பங்கில் முட்டையிடும் கோழிக்கு 16 பங்கும், இளங்குஞ்சுக்கு 20 பங்கும் புரதம் இருத்தல் நலம். இந்நான்கும் மூட்டையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

முதலில் ஆற்றலைக் கொள்வோம். கம்பு இவ்வகையில் மக்காச்சோளத்திற்கு ஏறக்குறைய இணையானது. புரதத்திலோ அதனினும் சற்று மிக்கது. எங்கள் பக்கத்து அரிசி ஆலையில் நொய் மலிவாகக் கிடைக்கும். கேழ்வரகு சுண்ணாம்புச் சத்து உடையது. சோளமும் நன்று, ஆயின் செந்நிறச் சோளத்தில் துவர்ப்பு மிகுதியாதலின் அதனை அளவோடு சேர்த்தல் வேண்டும். தவிடும் நல்லதே. ஆனால் தவிட்டில் எண்ணெய் உண்டு. நாள்பட்டால் காறல் நாற்றம் வீசும். எனவே புதுத் தவிடு வாங்கி ஒரு வாரத்திற்குள் செலவிட வேண்டும்.

அடுத்தது புரதம். இதுவே விலை மிக்கது. இதில்தான் எளியவர் தடுமாறுவர். கடலைப் பிண்ணாக்கின் 100 பங்கில் 40 பங்கிற்கு மேல் புரதம் உண்டு. ஆயினும் புரதம் என்பது ஒரே பொருள் அன்று. பலவகை அமினோ அமிலங்களின் கோவை அது. கடலையில் இலைசீன், மெத்தியோனின் என்னும் இரண்டும் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் உண்டு, இலைசீன் குறைவு. மீனிலோ இரண்டும் நிறைந்துள்ளன. ஆகவே பிண்ணாக்கோடு சிறிது கருவாட்டுத் தூளும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்யும். அக்கருவாடு உப்பிடாது உலர்த்தியதாக இருத்தல் வேண்டும்; உப்பு மிகின் கோழிக்கு நஞ்சாகும்.

கறையான் சட்டி காசில்லாப் புரதம். பழைய மண்சட்டி ஒன்றில் உலர்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல், பனையோலைத் துண்டு ஆகியவற்றைத் திணித்து நீர் தெளிக்க வேண்டும். கறையான் உள்ள நிலத்தில் மாலையில் அதனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாட்காலையில் சட்டியை நிமிர்த்தினால் உள்ளே கறையான் மொய்த்துக் கிடக்கும். குஞ்சுகளின் நடுவே அதனைத் தட்டிவிட்டால், அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிவரும் அழகு காணத்தக்கது. இளங்குஞ்சுகளுக்கு அதனினும் சிறந்த உணவு அரிது. வீட்டின் மரச்சாமான்களுக்கு அருகில் சட்டி வைத்தலாகாது. மருந்து தெளித்த நிலத்துக் கறையானையும் கொடுத்தலாகாது.

பேத்தி தன் பங்கிற்கு அசோலா வளர்த்தாள். அஃது நீர்மேல் மிதக்கும் சிறு பெரணி. அதன் இலைக்குழிகளில் வாழும் நுண்பாசி காற்றிலுள்ள நைட்ரசனைக் கவர்ந்து அதற்கு உரமாக்கித் தருகின்றது. மர நிழலில் ஆழமில்லாத குழி வெட்டி, அதில் நெகிழித் தாள் விரித்து, மண்ணும் சாணக் கரைசலும் நீரும் இட்டு அதனை வளர்க்கலாம். உலர்ந்த அசோலாவில் ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறையாத புரதம் உண்டு. ஆனால் பச்சை அசோலாவில் பெரும்பகுதி நீரே. ஒரு கிலோவை உலர்த்தினால் 60, 70 கிராமே எஞ்சும். ஆகவே அது துணையுணவே அன்றி முழு உணவு ஆகாது.

பசுமையின் தேவை வேறொரு வகையாலும் வெளிப்பட்டது. மூட்டைத் தீவனத்தை நிறுத்திய சில நாட்களில், வழக்கமாக முட்டை வாங்கும் தேநீர்க் கடைக்காரர், “ஆச்சி, கரு வெளுத்திருக்கிறதே! கோழிக்கு நோயா?” என்று கேட்டார். நோய் ஒன்றுமில்லை. மஞ்சள் மக்காச்சோளத்திலுள்ள நிறப்பொருளே கருவிற்கு மஞ்சள் நிறம் தந்து வந்தது. அரிசியிலும் கம்பிலும் அந்நிறப்பொருள் போதிய அளவில் இல்லை. பசுங்கீரைகளில் அது நிறைந்துள்ளது. வேலியில் நின்ற முருங்கையின் தழையும், கொல்லையில் விளைந்த தண்டுக்கீரையும் நாள்தோறும் கட்டித் தொங்கவிடப்பட்டன. இரண்டு வாரத்தில் கரு முன்னினும் செழித்த மஞ்சள் ஆயிற்று. கடைக்காரரும் மனநிறைவு எய்தினார்.

முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லின் பொருளே ஆகும். ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. அதனைத் தானியத்திலிருந்து பெறுதல் அரிது. எனவே கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தோம். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். வீட்டில் உடைக்கும் முட்டையின் ஓட்டையும் உலர்த்தி நொறுக்கிச் சேர்த்தோம். கோழிக்குப் பல் இல்லை. இரைப்பையில் தங்கும் சிறு கற்களே தானியத்தை அரைக்கின்றன. திறந்த வெளியில் திரியும் கோழி அக்கற்களைத் தானே தேடிக்கொள்ளும்.

இவற்றைக் கொண்டு அமைத்த 10 கிலோ கலவை பின்வருமாறு: உடைத்த கம்பு 4 கிலோ, நொய் 2 கிலோ, தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் முக்கால் கிலோ, கிளிஞ்சல் தூள் கால் கிலோ. இதன் புரதம் மருத்துவர் கூறிய அளவிற்குக் குறையாது. கோழி ஒன்றுக்கு 40 கிராம் வீதம் மாலையில் மட்டும் இட்டோம். நாளொன்றுக்கு 600 கிராம் ஆயிற்று. முன்பு ஒரு வாரத்தில் தீர்ந்த எடை இப்போது பதினேழு நாளைக்கு மேல் வந்தது.

கொடுக்கத் தகாதவையும் உள. பூசணம் பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும், “கோழிதானே தின்னப்போகிறது” என்று எண்ணிப் போடுவோர் பலர். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணம் புலப்படாமல் அறிஞர் திகைத்தனர். பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. அப்பூசணத்தின் நஞ்சிற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். வேகவைத்தாலும் அந்நஞ்சு முற்றும் நீங்குவதில்லை. ஆதலின் பிண்ணாக்கை நன்கு உலர்த்தி, ஈரம் தாக்காமல் பலகைமேல் வைத்துக் காத்தல் வேண்டும். பச்சை மரவள்ளியும் அதன் இலையும் நஞ்சுடையவை. உலர்ந்த அவரை, மொச்சை முதலியவற்றை ஊறவைத்து வேகவைத்த பின்னரே கொடுக்கலாம். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையும் ஆமணக்குப் பிண்ணாக்கையும் கோழிக்கு இடாதிருத்தலே நன்று.

மூன்று மாதம் கழித்துக் கணக்கைப் பார்த்தோம். முட்டை பெருகிவிடவில்லை, மாதத்திற்கு ஐந்தாறு குறைந்தும் இருந்தது. ஆனால் தீவனச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கலவையின் விலை மூட்டைத் தீவனத்தினும் மிக மலிவு என்று எண்ணற்க. கிலோவிற்குக் கிலோ ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதே. முற்றமும் வேலியும் குப்பைமேடும் பாதி உணவை விலையின்றித் தந்தன. நாங்கள் குறையை மட்டுமே நிரப்பினோம். செலவு குறைந்ததன் காரணம் அதுவே.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஆண்டிற்கு 60, 70 முட்டை இடும் நாட்டுக்கோழிக்கே இது ஏற்றது. மிகுதியாக முட்டையிடும் கலப்பினக் கோழியை இவ்வாறு வளர்த்தால் அது மெலிந்து நோயுறும். கோடையில் மண் காய்ந்து புழு பூச்சி அருகும்போது 40 கிராமை 60 கிராமாக உயர்த்த நேர்ந்தது. பதினைந்து கோழிக்கு உணவளிக்கும் முற்றம் ஐம்பது கோழிக்கு அளிக்காது. இவற்றை அறியாது பேராசை கொள்வோர் இழப்பையே அடைவர்.

தமக்கையார் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவில்லை. பேத்தி தட்டச்சுத் தேர்வில் வெற்றி பெற்றாள். சான்றிதழை அவள் காட்டிய அன்று தமக்கையார் ஒன்றும் கூறவில்லை. கோழிகளுக்கு மாலையில் இடும் பிடியைச் சற்றுப் பெரிதாக இட்டார்.

மாணவர்களே! விலை கொடுத்து வாங்குவதே சிறந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. பழையன எல்லாம் நல்லன என்று கூறுவாரும் உளர். இரண்டும் ஆராயாத கூற்றுக்களே. அன்னையாரின் ஒரு பிடி கம்பும் உதவியது. மருத்துவரின் அறிவுரையும் உதவியது. பேத்தியின் தராசும் உதவியது. உங்கள் வீட்டுப் புறக்கடையை ஒரு நாள் உற்று நோக்குங்கள். எது விளைகின்றது, எது சிந்துகின்றது, எது வீணாகின்றது என்று எழுதுங்கள்; நிறுத்தும் பாருங்கள். கண்டதை அளந்தும், அளந்ததை ஆராய்ந்தும் செயற்படுவோர் வீட்டில் வறுமை எளிதில் நுழையாது.